ஆக்சஸ் டேட்டாபேஸ் ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று பூட்டிக்கொண்டால்: முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் ஆக்சஸ் ஃபைல் திடீரென்று திறக்காவிட்டால், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் உடனே சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் லாக் ஃபைலை அழிக்கப் பார்க்கிறார்கள். இன்னும் சிலர் ஃபைலைக் காப்பி எடுத்து, பெயரோடு ‘புதியது’ என்று சேர்த்து, அதில் வேலையைத் தொடர்கிறார்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் மிக மோசமானது. மாலைக்குள் பாதி ரசீது ஒரு ஃபைலிலும் மீதி இன்னொன்றிலும் இருக்கும். இரண்டிலும் ஒரே ரசீது எண் வேறு வேறு வாடிக்கையாளருக்குப் போயிருக்கும். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒருமுறை முழுதாக இரண்டு நாள் பிடித்தது.

பூட்டு விழுந்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பூட்டை உடைப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விண்டோஸ் நெட்வொர்க் ஷேரில் வைத்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலை, அதாவது ‘.ஏசிசிடிபி’ ஃபைலை, மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பழைய ‘.எம்டிபி’ ஃபைலுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரில், அல்லது ஃபைல் இருக்கும் கணினியில், அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் வேண்டும். அது இல்லாமல் யார் திறந்திருக்கிறார் என்று உறுதியாகப் பார்க்க முடியாது. மேசை மேசையாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது, எந்தக் கணினிப் பெயர் எந்த மேசையில் இருக்கிறது என்ற பட்டியல். இதைப் பலர் தயார் செய்து வைப்பதில்லை. விண்டோஸ் தானாகக் கொடுக்கும் பெயர் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி ஏழெட்டு எழுத்தும் எண்ணுமாகக் கலந்து முடியும். பூட்டியது யார் என்று ஆக்சஸ் அந்தப் பெயரைச் சொல்லும். ஆனால் அது கேஷ் கவுண்டரா, ஸ்டோர் ரூமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு சிபியு மேலும் அதன் பெயரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் எந்தப் படி உங்களுக்குப் பயன்படாமல் போனாலும் இது பயன்படும்.

மூன்றாவது, நேற்றைய பேக்கப் எங்கே இருக்கிறது, அது திறக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது, ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

2. மெசேஜை வார்த்தை மாறாமல் படியுங்கள்

‘லாக் ஆயிடுச்சு’ என்று போனில் சொல்பவரிடம் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓகே அழுத்திவிட்டால் மெசேஜ் போய்விடும், அதனால் அதற்கு முன்பே எடுக்கச் சொல்ல வேண்டும். எல்லா மெசேஜும் பூட்டு பற்றியதாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

மெசேஜில் ‘ஆல்ரெடி இன் யூஸ்’ அல்லது ‘ஓபன்டு எக்ஸ்குளூசிவ்லி’ என்று இருந்தால் முழு ஃபைலும் பூட்டியிருக்கிறது. எண் வந்தால் 3045, 3051, 3356 இவற்றில் ஒன்றாக இருக்கும். 3 முதல் 7 வரையுள்ள படிகள் இதற்குத்தான்.

‘பிளேஸ்டு இன் எ ஸ்டேட்’ என்று தொடங்கி ஒரு கணினியின் பெயரையும் சொன்னால், எண் 3734. யாரோ பொது ஃபைலில் ஃபார்ம், ரிப்போர்ட் போன்றவற்றின் வடிவமைப்பைத் திறந்து மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கணினியில் ஆக்சஸை மூடச் சொல்லுங்கள், உடனே சரியாகிவிடும். மறுபடி வராமல் இருக்க 9-ஆம் படி.

ஃபைல் திறக்கிறது, ஆனால் சேமிக்கும்போது ‘குட் நாட் அப்டேட், கரண்ட்லி லாக்டு’ என்று வருகிறதா? அது ஒரு ரெக்கார்டின் மேல், அதாவது ஒரு ரசீது போன்ற ஒரே ஒரு பதிவின் மேல், விழுந்த பூட்டு. 3218, 3260, 3188, 3197 ஆகிய எண்கள் இந்த வகை. நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். இதற்குப் போய் ஃபோல்டர் பர்மிஷனை மாற்றினால் நேரம்தான் வீண்.

‘அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மேட்’, அதாவது 3343 வந்தால் இது பூட்டுப் பிரச்சினையே இல்லை. ஃபைல் சேதமாகியிருக்கலாம். எல்லாரையும் உடனே வெளியேறச் சொல்லிவிட்டு 11-ஆம் படிக்குப் போங்கள்.

3. லாக் ஃபைல் சொல்வதும் சொல்லாததும்

பகிர்வு முறையில் முதல் ஆள் திறந்ததும், டேட்டாபேஸ் இருக்கும் அதே ஃபோல்டரில், அதே பெயரில், ‘.எல்ஏசிசிடிபி’ என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் உருவாகும். பழைய ‘.எம்டிபி’ என்றால் அது ‘.எல்டிபி’. கடைசி ஆள் மூடியதும் ஆக்சஸே அதை அழித்துவிடும்.

அதைக் காப்பி எடுத்து, காப்பியை நோட்பேடில் திறந்து பாருங்கள். கணினிப் பெயர், பின்னால் இடைவெளி, ‘அட்மின்’ என்ற சொல், மறுபடி இடைவெளி, அடுத்த கணினிப் பெயர் என்று போகும். ஒருவருக்கு 64 பைட்: பாதி கணினிப் பெயருக்கு, பாதி பயனர் பெயருக்கு. 255 பேருக்கு மேல் இடம் கிடையாது.

இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ‘அட்மின்’ என்று இருப்பதால் சர்வர் அட்மின்தான் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆக்சஸில் தனி லாகின் வைக்காதவர்கள் எல்லாருக்கும் அதுதான் பெயர். எனவே கணினிப் பெயரை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, அங்கே பெயர் இருப்பவர்கள் எல்லாரும் இப்போது உள்ளே இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மூடிவிட்டுப் போனாலும் அவர் பெயர் அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவர் அந்த இடத்தில் தன் பெயரை எழுதும் வரை அழியாது. ஐந்து பெயர் தெரியும், உள்ளே இருப்பது இருவராக இருக்கும். ஆகவே இதைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் ஃபைலை அழிக்கலாமா? விண்டோஸ் சர்வரில் யாராவது உள்ளே இருந்தால் விண்டோஸே அழிக்க விடாது. அழிக்க முடிந்தது என்றால் அது கேட்பாரற்றுக் கிடந்த பழைய ஃபைல், தொல்லை இல்லை. ஆனால் உங்கள் ஃபைல் நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டியில், இருந்தால் கவனம். அவற்றில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸில் ஓடுகின்றன. பிரவுசர் வழியாக நுழைந்து அழித்தால், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே லாக் ஃபைல் போய்விடக்கூடும். அதற்குப் பிறகு வருபவருக்குப் புதிய லாக் ஃபைல் உருவாகும். பழையவர்களின் பூட்டு புதியவருக்குத் தெரியாது, புதியவரின் பூட்டு பழையவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பும் ஒரே இடத்தில் எழுதி டேட்டாபேஸ் கெடும்.

4. யார் பிடித்திருக்கிறார் என்று சர்வரில் பாருங்கள்

ஃபைல் இருக்கும் கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதன் கீழ் ஓபன் ஃபைல்ஸ் போங்கள். எந்தப் பயனர் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்று வரிசையாக வரும். டேட்டாபேஸையும் லாக் ஃபைலையும் தேடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் செஷன்ஸ் பகுதியில் அந்தப் பயனர் எந்தக் கணினியிலிருந்து வந்திருக்கிறார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று தெரியும்.

எல்லாரும் ஒரே பயனர் பெயரில் சர்வருக்குள் வருகிற அலுவலகங்கள் நிறைய உண்டு. அங்கே ஓபன் ஃபைல்ஸ் பட்டியலில் ஒரே பெயர் பத்து முறை வரும், ஒன்றும் புரியாது. ஆளுக்கொரு பெயர் கொடுப்பது பாதுகாப்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். பூட்டைத் துப்பறியவும் அதைவிட்டால் வழியில்லை.

பட்டியலில் ரைட் கிளிக் செய்தால் ‘க்ளோஸ் ஓபன் ஃபைல்’ என்று ஒரு வசதி இருக்கும். பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கணினி பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இதை அழுத்தினால், எழுதியது பாதியில் நின்று டேட்டாபேஸ் சேதமாகும். அந்தக் கணினி அணைந்துவிட்டது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இதைத் தொடலாம்.

5. பிடித்திருக்கும் கணினிக்கு நேரில் போங்கள்

போன் செய்து கேட்டால் ‘நான் மூடிட்டேனே’ என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. விண்டோவை மூடியிருப்பார், ஆக்சஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பேக்ரவுண்டு ப்ராசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோ எதுவும் இல்லாமல் அங்கே மட்டும் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். தானாகப் போகாவிட்டால் எண்ட் டாஸ்க் கொடுக்கலாம்.

ஆக்சஸ் இல்லையென்றால் எக்செலைப் பாருங்கள். மாத ரிப்போர்ட்டுக்காக யாராவது எக்செல் ஷீட்டை இந்த டேட்டாபேஸோடு இணைத்திருப்பார்கள். ஷீட் டேட்டாவைப் புதுப்பிக்கும்போது எக்செலும் ஃபைலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் மாதம் முதல் தேதி மட்டும் வந்துகொண்டிருந்த பூட்டு இப்படிப்பட்டதுதான். நாங்கள் ஆறு மாதம் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கணினியில் இரண்டு பேர் லாகின் ஆகியிருந்தால், ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டுப் போனவரின் ஆக்சஸும் இன்னும் ஓடும். டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பகுதியில் அதைப் பார்க்கலாம்.

கணினியே அணைந்திருக்கிறது, ஆனால் சர்வர் இன்னும் ‘திறந்திருக்கிறது’ என்கிறதா? கரண்ட் போய் திடீரென்று அணைந்த கணினிக்கு இப்படி நடக்கும். போனவர் போய்விட்டார் என்று சர்வருக்குத் தெரிய நேரமாகும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, அப்படியும் போகாவிட்டால் 4-ஆம் படியில் சொன்ன ‘க்ளோஸ் ஓபன் ஃபைல்’ இங்கே சரி.

6. ஃபோல்டர் பர்மிஷன்

ஒரு புதிய ஆள் சேர்ந்த பிறகோ, ஃபைலை இடம் மாற்றிய பிறகோ பூட்டுத் தொல்லை தொடங்கியிருந்தால் இங்கே பாருங்கள்.

டேட்டாபேஸை வெறுமனே பார்க்க மட்டும் செய்பவருக்கும் அந்த ஃபோல்டரில் மாடிஃபை பர்மிஷன் வேண்டும். இது பலருக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது. ‘அவர் பார்க்கத்தானே போகிறார், ரீட் போதாதா’ என்பார்கள். முதல் ஆளாகத் திறந்தால் லாக் ஃபைலை உருவாக்க வேண்டியது அவருடைய ஆக்சஸ். எல்லாருக்கும் பிறகு மூடினால் அதை அழிக்க வேண்டியதும் அதுவே. உருவாக்க முடியாவிட்டால் பகிர்வு முறையில் ஃபைல் திறக்காது. அழிக்க முடியாவிட்டால் லாக் ஃபைல் அங்கேயே கிடக்கும். டேட்டாவை யாரும் தொடக்கூடாது என்றால் அதை ஃபார்ம் அளவில் தடுங்கள், ஃபோல்டர் அளவில் தடுக்காதீர்கள்.

பர்மிஷன் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதியில் ஒன்று, ஷேரிங் பகுதியில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் நெட்வொர்க்கில் செல்லும். செக்யூரிட்டியில் மாடிஃபை கொடுத்துவிட்டு, ஷேரிங்கில் எவ்ரிஒன் என்பதற்கு விண்டோஸ் தானாக வைத்த ரீட் அப்படியே இருந்தால், எல்லாருக்கும் ரீட் மட்டும்தான்.

சோதிக்க எளிய வழி: அந்தப் பயனரின் கணினியில், அவருடைய லாகினில், அதே ஃபோல்டரில் ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். மூன்றும் நடந்தால் பர்மிஷன் சரி. உங்கள் அட்மின் லாகினில் சோதிக்காதீர்கள், அதில் எல்லாமே நடக்கும்.

7. யாராவது ‘எக்ஸ்குளூசிவ்’ முறையில் திறக்கிறார்களா?

ஒவ்வொரு கணினியிலும் ஃபைல், ஆப்ஷன்ஸ், கிளையன்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு வரை போய் டிஃபால்ட் ஓபன் மோட் என்பதில் ஷேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கணினியில் எக்ஸ்குளூசிவ் என்று இருந்தாலும், அவர் முதலில் வந்த நாளெல்லாம் மற்ற எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். ‘சில நாள் வருது, சில நாள் வரல’ என்ற புகாருக்குப் பின்னால் இது இருப்பதுண்டு. அவர் விடுப்பில் இருக்கும் நாள்களில் பூட்டு வராது.

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் ரைட் கிளிக் செய்து டார்கெட் வரியின் கடைசியைப் பாருங்கள். எப்போதோ ரிப்பேருக்காகச் சேர்த்த, எக்ஸ்குளூசிவாகத் திறக்கச் சொல்லும் ‘/எக்ஸ்சிஎல்’ என்ற கட்டளை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

8. ஒரே ரெக்கார்டில் இருவர் மோதும்போது

இந்த வகைதான் அன்றாடம் வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபார்மின் இடது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை இருக்கும். ஒருவர் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டியதும் அங்கே சின்னதாக ஒரு பென்சில் தோன்றும். திருத்தம் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்தப் பென்சிலோடு அவர் டீ குடிக்கப் போய்விட்டால், கீழே சொல்லும் ‘எடிட்டெட் ரெக்கார்ட்’ அமைப்பில் பூட்டும் அவர் திரும்பும் வரை அப்படியே இருக்கும். அவர் கணினியில் எஸ்கேப் கீயை இரண்டு முறை அழுத்தினால் திருத்தம் ரத்தாகும், ஷிப்ட்டும் எண்டரும் சேர்த்து அழுத்தினால் சேமிக்கப்படும். எது வேண்டும் என்று அவரைக் கேட்காமல் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பாதி அடித்த தொகையாக இருக்கலாம்.

7-ஆம் படியில் பார்த்த அதே அட்வான்ஸ்டு பகுதியில் டிஃபால்ட் ரெக்கார்ட் லாக்கிங் என்று ஒன்று உண்டு. அதில் மூன்று தேர்வு. ‘ஆல் ரெக்கார்ட்ஸ்’ முழு டேபிளையும் பூட்டும், அலுவலகத்தில் அதை வைக்கவே கூடாது. ‘எடிட்டெட் ரெக்கார்ட்’ பென்சில் தோன்றியதும் அந்த ரெக்கார்டைப் பூட்டும். ‘நோ லாக்ஸ்’ என்றால் பூட்டே இல்லை என்று நினைக்கிறார்கள். அதிலும் பூட்டு உண்டு, சேமிக்கும் அந்த நொடியில் மட்டும். நான் பெரும்பாலும் நோ லாக்ஸ்தான் வைக்கிறேன். டீ குடிக்கப் போனவரால் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஸ்டாக் எண்ணிக்கை போல இருவர் ஒரே எண்ணை மாற்றக்கூடிய ஃபார்மில் மட்டும் எடிட்டெட் ரெக்கார்ட். ஒவ்வொரு ஃபார்மின் ப்ராப்பர்ட்டியிலும் தனித்தனியே இதை வைக்கலாம்.

அங்கேயே ‘ஓபன் டேட்டாபேசஸ் பை யூசிங் ரெக்கார்ட் லெவல் லாக்கிங்’ என்ற பெட்டியில் எல்லாக் கணினியிலும் டிக் இருக்கட்டும். டிக் இல்லாவிட்டால் ஆக்சஸ் 4 கேபி பக்கம் பக்கமாகப் பூட்டும். ஒரு பக்கத்தில் பல ரெக்கார்டு இருக்கும். நீங்கள் தொட்ட ரசீதோடு அதன் முன்னும் பின்னும் இருக்கும் ரசீதுகளும் பூட்டிக்கொள்ளும். ‘நாங்க வேற வேற பில்லுலதான் இருந்தோம், ஆனாலும் லாக் ஆச்சு’ என்று சொன்னால் இதுதான் காரணம். முதலில் திறப்பவரின் அமைப்பே அன்று மற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதால் ஒரு கணினியில் விட்டுப்போனாலும் தொல்லை.

நோ லாக்ஸில் இருவர் ஒரே ரெக்கார்டைத் திருத்தினால், பின்னால் சேமிப்பவருக்கு ‘ரைட் கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு பெட்டி வரும். அதில் சேவ் ரெக்கார்ட் கொடுத்தால் முன்னவர் போட்டது அழிந்து உங்களுடையது நிற்கும். டிராப் சேஞ்சஸ் கொடுத்தால் உங்களுடையது போய்விடும். காப்பி டு கிளிப்போர்டு கொடுத்தால் நீங்கள் அடித்தது நினைவில் இருக்கும், முன்னவர் போட்டதைத் திரையில் பார்த்துவிட்டு எது சரி என்று முடிவு செய்யலாம். எல்லாருக்கும் இந்த மூன்றாவதைப் பழக்கிவிடுங்கள். பழக்காவிட்டால் முதல் பட்டனைத்தான் அழுத்துவார்கள், முன்னவரின் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

‘அனதர் செஷன் ஆன் திஸ் மெஷின்’ என்று 3188 வந்தால் மோதுவது வேறு ஆள் இல்லை, உங்கள் கணினியே. ஃபார்மில் ஒரு ரெக்கார்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ரெக்கார்டுகளை மொத்தமாக மாற்றும் ஒரு அப்டேட் குவெரியோ நிரலோ அதே ரெக்கார்டை மாற்றப் பார்க்கிறது. நிரலில் முதலில் ஃபார்மின் ரெக்கார்டைச் சேமித்துவிட்டு, அதன் பிறகு குவெரியை ஓட்டுங்கள்.

பெரிய அப்டேட் குவெரி ஓட்டும்போது ‘லாக் கவுண்ட் எக்ஸீடெட்’, அதாவது 3052 வரும். ஒரே நேரத்தில் ஒரு ஃபைலில் போடக்கூடிய பூட்டுகளின் எண்ணிக்கை, மேக்ஸ்லாக்ஸ்பெர்ஃபைல் என்ற அமைப்பில், இயல்பாக 9500. ரெஜிஸ்ட்ரியில் அதைக் கூட்டலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. மாலை எல்லாரும் போன பிறகு, எக்ஸ்குளூசிவாகத் திறந்து ஓட்டுவதே மேல். அது முடியாவிட்டால் மாத வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள்.

9. ஃப்ரண்ட் எண்டை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள்

மேலே சொன்னவற்றில் பாதி, ஃபார்ம், ரிப்போர்ட், டேபிள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்து, அந்த ஒரே ஃபைலை எல்லாரும் திறப்பதால் வருவது. டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலில், சர்வரில் இருக்கட்டும். அது பேக் எண்ட். ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட் உள்ள ஃபைல் ஒவ்வொருவரின் சி டிரைவிலும் ஒரு காப்பியாக இருக்கட்டும். அது ஃப்ரண்ட் எண்ட்.

முதலில் முழு ஃபைலுக்கும் பேக்கப் எடுங்கள். எல்லாரும் வெளியேறிய பிறகு டேட்டாபேஸ் டூல்ஸ், மூவ் டேட்டா, ஆக்சஸ் டேட்டாபேஸ் என்று போனால் பிரிக்கும் வழிகாட்டி வரும். பேக் எண்ட் இருக்க வேண்டிய இடத்தைக் கேட்கும்போது ‘\\சர்வர்\கணக்கு\’ என்பது போல முழு நெட்வொர்க் பாதையாகக் கொடுங்கள். ‘இசட் டிரைவ்’ என்று கொடுத்தால், இன்னொரு கணினியில் அதே ஷேர் ஒய் டிரைவாக இருக்கும்போது டேபிள் கிடைக்காது.

பிரித்த பிறகு எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஃப்ரண்ட் எண்டையும் சர்வரிலேயே வைத்துவிட்டு, எல்லார் டெஸ்க்டாப்பிலும் அதற்கு ஷார்ட்கட் போடுவார்கள். வடிவமைப்பை மாற்றினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதுமே என்று காரணம் சொல்வார்கள். ஆனால் அப்படிச் செய்தால் பிரித்ததன் பலன் போய்விட்டது. 3734 மறுபடி வரும். மாற்றம் செய்யும்போது புதிய காப்பியை எல்லாருக்கும் அனுப்ப, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் போதும். காலையில் ஷார்ட்கட்டைத் தட்டியதும் சர்வரிலிருந்து புதிய ஃப்ரண்ட் எண்டை சி டிரைவுக்குக் காப்பி செய்து, அதைத் திறக்கும்.

இன்னொரு சின்ன வேலை: ஃப்ரண்ட் எண்ட் திறந்ததும், பேக் எண்டில் இருக்கும் ஒரு சின்ன டேபிளோடு இணைந்த ஃபார்ம் ஒன்று மறைவாகத் திறந்து கடைசி வரை மூடாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபார்மும் திறக்கும்போதும் மூடும்போதும் ஆக்சஸ் லாக் ஃபைலை உருவாக்குவதும் அழிப்பதுமாக இருக்கும். வேகமும் குறையும், அந்த இடைவெளியில் இருவர் மோதவும் வாய்ப்பு உண்டு.

10. நெட்வொர்க், கரண்ட், சிங்க்

சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும், கணினிகளுக்கும் இருக்கும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் சுவரில் நேராகச் செருகியிருக்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் சுவிட்ச் அணைந்து எழும், எல்லாருடைய இணைப்பும் ஒரே நேரத்தில் அறுந்துபோகும். ஆக்சஸால் அதைத் தாங்க முடியாது. இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

வைஃபையில் பேக் எண்டைத் திறந்து எழுத வேண்டாம். லேப்டாப் என்றால் கேபிள் போடுங்கள். மூடியை மூடினால் ஸ்லீப் போகாதபடி வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பவர் மேனேஜ்மெண்டில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் பேக் எண்டை வைக்கவே கூடாது. அவை ஃபைலை முழுதாகக் காப்பி செய்து அனுப்புபவை. ஒரு கணினியின் பூட்டு இன்னொரு கணினிக்குத் தெரியாது. கடைசியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று காப்பி வந்து நிற்கும்.

ஆன்டிவைரஸ், பேக்கப் நிரல் இரண்டும் வேலை நேரத்தில் இந்த ஃபைலைத் தொடாதபடி வையுங்கள். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் பூட்டு விழுந்தால் முதல் சந்தேகம் பேக்கப் மேல்தான்.

நாஸ் பெட்டியில், ஃபைலின் பகுதிகளைப் பயனரின் கணினியிலேயே தற்காலிகமாக வைத்துக்கொள்ள விடும் ‘ஆபர்ச்சுனிஸ்டிக் லாக்கிங்’ என்ற அமைப்பு இருந்தால் டேட்டாபேஸ் இருக்கும் ஷேருக்கு அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் இதற்கு ஒப்பானது லீசிங். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்குப் பிறகு பல இடங்களில் 3343 வந்ததற்கு இந்த லீசிங் காரணமாக இருந்தது. ஷேர் இருக்கும் கணினியில் அதை அணைத்ததும் நின்றது.

11. காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்: கடைசியாக, காப்பியில்

ஃபைலைச் சுருக்கிப் பழுதுபார்க்கும் இந்த வசதியைப் பலர் முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள். இதற்கு ஃபைல் முழுதாக நம் கையில் இருக்க வேண்டும். பூட்டியிருக்கும்போது இது ஓடவே ஓடாது. அதனால்தான் இது கடைசியில் வருகிறது.

எல்லாரும் வெளியேறி, லாக் ஃபைல் தானாக மறைந்துவிட்டதா என்று பாருங்கள். பேக் எண்டின் பெயரை மாற்றுங்கள். அப்படிச் செய்தால் நடுவில் யாரும் உள்ளே வர முடியாது. பிறகு அதைச் சர்வரிலிருந்து உங்கள் கணினிக்குக் காப்பி எடுத்து, காப்பியில் காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள். நெட்வொர்க் வழியாக ஓட்டினால் நடுவில் இணைப்பு அறுந்தால் இருப்பதும் போகும்.

ஓட்டுவதற்கு முன் முக்கியமான டேபிள்களின் ரெக்கார்டு எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டிய பிறகு ஒப்பிடுங்கள். ரிப்பேர் சேதமான ரெக்கார்டுகளை நீக்கியும் விடும் என்பதால் இது அவசியம். எண்ணிக்கை குறைந்திருந்தால் நேற்றைய பேக்கப்பிலிருந்து அந்த ரெக்கார்டுகளை எடுத்துச் சேருங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் பழைய பெயரில் திரும்ப வையுங்கள். பழைய ஃபைலை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள்.

மூடும்போதெல்லாம் தானாக ஃபைலைச் சுருக்கும் ‘காம்பேக்ட் ஆன் க்ளோஸ்’ டிக்கைப் பேக் எண்டில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

12. இவ்வளவுக்குப் பிறகும் வந்தால்

ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி எல்லை உண்டு. அதை நெருங்கினாலோ, ஒரே நேரத்தில் பதினைந்து இருபது பேர் எழுதினாலோ, டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பது என் கணக்கு. அது இலவசம். ஃபார்ம்களும் ரிப்போர்ட்களும் ஆக்சஸிலேயே இருக்கலாம், டேபிள் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் எண் போன்ற ஒன்று, இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த டேபிளில் எழுதவே முடியாது. ஆம், இல்லை என்று டிக் அடிக்கும் பத்திகள் எஸ்க்யூஎல் சர்வரில் வெறுமையாக இருந்தால், ரெக்கார்டை வேறு யாரும் தொடாதபோதும் ரைட் கான்ஃப்ளிக்ட் பெட்டி வரும். அவற்றுக்கு இயல்பு மதிப்பாக 0 கொடுத்து, ஏற்கனவே வெறுமையாக இருப்பவற்றையும் 0 என்று நிரப்பிவிட்டு, டேபிளில், ரெக்கார்டு மாறும்போதெல்லாம் தானாக மாறும் ரோவெர்ஷன் பத்தி ஒன்றைச் சேர்த்து, இணைப்பை மறுபடி புதுப்பியுங்கள்.